சித்தி பரீதாவின் எஞ்சின்

"எஞ்சினைத் திருத்தியாச்சு. ஆனால் அந்தப் படகுக்குள்ள அதை நான் இறக்க மாட்டன்" என்றார் திருகோணமலைப் பட்டறை முதலாளி கனகசுந்தரம். "முப்பது வருசப் படகு. எஞ்சின் குலுக்கிற குலுக்கில பலகை பிரிஞ்சிடும். பேசாமல் எஞ்சினை எனக்கு வித்திடுங்கோ."

"விக்கிறதுக்கு நான் வரல்ல முதலாளி. எஞ்சினைத் தாங்க" என்றாள் சித்தி பரீதா.

அவள் மூதூர்க்காரி. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது, ஒரு அதிகாரியின் பாய்ப்படகை அவள் கணவர் அப்துல் மஜீத் வாங்கினார். இருவரும் எட்டு வருடம் அதில் மூதூருக்குச் சாமான் ஏற்றி இறக்கினார்கள். போன வருடம் அவர் இறந்ததும், பெண் பிள்ளை படகோட்டுவதா என்று ஊரில் கதை எழும்பியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் வடக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் தெற்கே மூதூரிலிருந்து பாயை மட்டும் நம்பித் திரும்பி வர ஏலாது. எஞ்சின் வேண்டும். அதற்காகத்தான் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கித் திருத்தக் கொடுத்திருந்தாள். வாடைக்கு ஒரு மாதமே இருந்தது.

எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றித் துறைமுகக் கரையில் நின்ற படகடியில் இறக்கிவிட்டு, அவள் நேரே வீரக்குட்டியின் வீட்டுக்குப் போனாள். வீரக்குட்டி ஒரு வேலைத்தளத்தில் பதினெட்டு வருடம் எஞ்சின் பூட்டியவன். எஞ்சின் தூக்கும் சங்கிலி ஒன்று நழுவி வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அதன்பிறகு மேலாளர் அவனை வாசல் காவலுக்கு மாற்றியிருந்தார்.

"கேற்றுக் காவல்காரனிட்ட ஏன் ராத்தா வந்தீங்க?"

"எஞ்சின் வேலை தெரிஞ்ச ஆளிட்ட வந்தனான்."

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். "இதைப் பாத்தீங்களா?"

"பாத்தன் தம்பி. இதில மூண்டு இருக்கு. மத்தக் கையில அஞ்சு இருக்கு."

வீரக்குட்டி சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டான்.

படகின் உள்ளே அடியில், எஞ்சின் உட்காரும் கட்டைகளை அவன் திருப்புளியால் குத்திப் பார்த்தான். பாண்ரொட்டியில் குத்தியதுபோல் இறங்கியது. கனகசுந்தரம் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் பக்கப் பலகைகள் உறுதியாக இருந்தன. உக்கியதை வெட்டி எறிந்துவிட்டு வைரம் பாய்ந்த முதிரைக் கட்டை போட்டார்கள். காவல் வேலை முடிந்து தினமும் பின்னேரம் வந்தான். ஆறாம் நாள் மூன்று மரங்களைக் கூடாரம்போல் நட்டு, சங்கிலி கட்டி, எஞ்சினைத் தூக்கினார்கள். சங்கிலி கிறீச்சிட்டபோது அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த பரீதாவும் படகில் வேலைசெய்யும் பக்கீரும் எஞ்சின் ஆடாமல் இழுத்துப் பிடித்தார்கள். எஞ்சின் கட்டையில் உட்கார்ந்தது.

மறுநாள் சனிக்கிழமை வீரக்குட்டி காவலுக்குப் போகவில்லை. படகைத் தண்ணீரில் தள்ளி எஞ்சினை ஓடவிட்டார்கள். இரண்டு நிமிடம்தான். அடியில் டங் டங் என்று இடி கேட்டது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் சாஃப்ட் தண்டு படகை விட்டு வெளியேறும் துளையால் தண்ணீர் பீச்சியது. ஜெற்றியில் நின்ற கனகசுந்தரத்தின் ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

வீரக்குட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "என்ர பிழை ராத்தா. கரையில முட்டுக் குடுத்து நிக்கேக்க படகுக்கு ஒரு வளைவு, தண்ணியில மிதக்கேக்க இன்னொரு வளைவு. எஞ்சினும் சாஃப்டும் இப்ப நேர்கோட்டில இல்லை. மிதக்க விட்டுத்தான் நேராக்கியிருக்கோணும்."

"அப்ப இப்ப நேராக்குங்க."

அவன் படகுக்குள் எஞ்சின் அருகே குப்புறப் படுத்தான். எஞ்சினும் சாஃப்டும் வட்டோடு வட்டாகச் சேரும் இடத்து போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சின் காலுக்குக் கீழே மெல்லிய பித்தளைத் தகடுகளைச் செருகிச் செருகிப் பார்த்தான். ஒன்று வைத்தால் இடப்பக்கம் இடைவெளி, எடுத்தால் மேலே. வெயில் ஏறியது. அப்போது ஜெற்றியில் அவனுடைய மேலாளர் வந்து நின்றார்.

"வீரக்குட்டி! எங்கட சம்பளத்தில இருந்துகொண்டு வெளிவேலை செய்யிறியோ? இப்பவே நிப்பாட்டு. இல்லாட்டித் திங்கட்கிழமை கேற்றடிக்கு வராத."

படகுக்குள்ளிருந்து எண்ணெய் பூசிய முகம் வெளியே வந்தது.

"திங்கட்கிழமை நான் மூதூரில நிப்பன் ஐயா."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். பரீதா அவனைப் பார்த்தாள். "தம்பி, வேலையை விட்டிட்டீங்களே. எஞ்சின் சரிவராட்டி?"

"சரிவரும். வராட்டியும் அந்தக் கேற்றடிக்கு இனி நான் போகமாட்டன்."

இரண்டு நாள் எடுத்தது. கடைசித் தகடு போனபிறகு அந்த இரண்டு வட்டுகளுக்கும் நடுவே அவன் நகம்கூடப் போகவில்லை. போல்ட்டுகளை இறுக்கி, எண்ணெய்க் குழாயில் காற்றை எடுத்து, கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் இரண்டு தரம் இருமிப் பிடித்தது. இடியில்லை. துளையில் சொட்டுச் சொட்டாக மட்டும் தண்ணீர் விழுந்தது.

திங்கட்கிழமை விடிய மாவும் சீனியும் ஏற்றிப் புறப்பட்டார்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் தெற்குக் காற்று நேரே முகத்தில் அடித்தது. படகின் மூக்கு எழும்பி எழும்பி விழுந்தது.

"திரும்புவமா ராத்தா?" என்றான் பக்கீர்.

அவள் வீரக்குட்டியைப் பார்த்தாள். அவன் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தான்.

"தாங்கும். நீங்க பிடியுங்க."

பரீதா முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு சுக்கானை நேராகப் பிடித்தாள். மூதூர்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூவரும் தலை முதல் கால்வரை நனைந்திருந்தார்கள். மாச்சாக்கில் ஒரு துளி படவில்லை. பெண் பிள்ளை படகோட்டுவதா என்று கேட்டவர்கள் கரையில் கூடியிருந்தார்கள். பரீதா முதல் சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு அவர்களுக்கு நடுவால் நடந்தாள்.