சொல்லாமல் நடந்த தூரம்

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். வீட்டிலிருந்து கடைக்கு அரைமணி நடை. கணவர் தபால்காரர், இருபது வருஷம் அதே தெருக்களில் நடந்தவர். ஏழு மாதம் முன்பு சர்க்கரை நோயால் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவளுக்கு ஒரே பாட்டு.

"என்ன வெயிலு, என்ன புழுதி! கால் ரெண்டும் கழண்டு போச்சுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

உண்மையில் நாளிலேயே அந்த அரைமணிதான் அவளுக்குப் பிடித்த நேரம். தச்சுப் பட்டறை வந்தால் மரச்சுருள் வாசனைக்காக நடை தானாகத் தளரும். ஒரு மாடி வீட்டில் யாரோ வயலின் பழகுவார்கள். தினமும் ஒரே இடத்தில் வாசிப்பு தடுமாறும், அவளும் அங்கேயே சிரிப்பாள். மதில்மேல் படுத்திருக்கும் செவலைப் பூனை அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காது. அதுவும் பிடிக்கும். யாரும் எதுவும் கேட்காத அரைமணி. கால் போனவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் ஆட்டோ நின்றது. ஓட்டுகிறவர் கணவரின் பழைய சிநேகிதர்.

"இனிமே தினம் இவன் கொண்டுபோய் விடுவான்," என்றார் கணவர், முகமெல்லாம் மலர்ந்து. "நீ படுற பாட்டைக் கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்க முடியலே."

"ஏறும்மா தங்கச்சி," என்றார் ஆட்டோக்காரர்.

ஏறினாள். பட்டறையும் மாடி வீடும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. ஆட்டோக்காரர் வழியெல்லாம் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டு வந்தார். நான்கு நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் இடது கண்ணாடியை வலதில் பொருத்தி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவரின் காலுக்குக் கட்டு மாற்றும்போது ஆரம்பித்தாள்.

"ஆட்டோ வேணாங்க."

"ஏன்? கண்டபடி ஓட்டுறானா?"

"இல்லே. நடக்கிறது எனக்குப் பிடிக்கும். வெயிலு, புழுதின்னதெல்லாம் சும்மா."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான் வருத்தப்படுவேன்னா மறைச்சே?"

"ஆமா," என்றாள். அது பாதிதான். மீதியையும் சொன்னாள். "வீட்டை மறந்துட்டு நடப்பேங்க. உங்களையுந்தான்."

சொல்லிவிட்டுத் துணியின் இரண்டு முனைகளையும் இழுத்தாள். கட்டின் முடிச்சு விழவில்லை.

"நானும் இருபது வருஷம் அப்படித்தான் நடந்தேன்," என்றார் அவர். "உன்கிட்டே பை கனக்குதுன்னு புலம்புவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஆட்டோ வரவில்லை. அவள் எங்கேயும் நிற்காமல் விடுவிடுவென்று நடந்தாள். பூட்டியிருந்த கடை வாசலில் நின்றபடி அவருக்குப் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"அதுக்குள்ள போய்ச் சேந்துட்டியா? நாளைக்காவது மெதுவாப் போ," என்றார்.