நாற்பத்தொரு மணி நேர ஜாடி

நாற்பத்தொரு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஜாடிக்குள் ஏற்றிய மின்சாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் ஜாடியை விட்டுப் போகாமல் இருந்தது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில், 1963ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், இது மூன்று முறை நடந்தது. கண்ணால் பார்த்த ஒரே ஆள் ஜெயம்.

ஜெயம் பி.எஸ்ஸி. படித்தவள். அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கூச்சத்தில் பிள்ளைகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பாடம் நடத்துவாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரம் பரீட்சை எழுதினால் முதல் வகுப்பில் தேறிவிடும் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்வார்கள்.

ஜாடி சந்தையில் வாங்கிய சாதாரண ஊறுகாய் ஜாடி. மின்கம்பத்திலிருந்து உடைந்து விழுந்த பீங்கான்களை உரலில் இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் கலந்து, அதன் உள்ளும் புறமும் பூசினாள். பீங்கான் தனியாகத் தாங்குவதைவிட, அரக்கு தனியாகத் தாங்குவதைவிட, இரண்டும் கலந்தால் அதிக மின்சாரம் தாங்கும் என்பது அவள் யோசனை. ஜாடியின்மேல் ஈரம் படிந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்து போய்விடும். அரக்கு அந்த ஈரத்தையும் அண்டவிடாது என்று நம்பினாள். பூச்சின்மேல் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று ஒட்டினாள். தன் கட்டிலில் இருந்து ஒரு பித்தளைக் குமிழைக் கழற்றி மூடிமேல் பொருத்தி, அதிலிருந்து ஒரு சங்கிலியை உள்ளே தொங்கவிட்டாள். பள்ளியில் கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் பழைய சக்கரம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றினால் மின்சாரம் குமிழ் வழியாக உள்ளே இறங்கும். பிறகு ஒரு கம்பியின் ஒரு முனையை வெளித்தாளில் வைத்து, மறுமுனையைக் குமிழுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பட்டென்று பொறி பறக்கும்.

வெள்ளி ஏற்றி ஞாயிறு பார்த்த முதல் முறை பறக்கவில்லை. பூச்சு போதவில்லை என்று இன்னொரு சுற்று பூசினாள். அடுத்த மூன்று முறையும் பறந்தது. ஒன்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஜாடியின் கழுத்தில் அரக்கு இளகி விரல் நீளத்துக்கு வழிந்திருந்தது. 'உள்ளே தங்கிய மின்சாரத்தின் வெப்பம்' என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஜாடி வந்த அன்றே, பள்ளியைப் பெருக்கும் கோவிந்தம்மாள் விசாரித்திருந்தாள்.

"ஊறுகா போட்டுக்கினு இருக்கீங்களா டீச்சரம்மா?"

இல்லை என்றால் விளக்க வேண்டும். விளக்கினால் நிறையப் பேச வேண்டும். ஜெயம் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது.

"எலுமிச்சயா, நார்த்தங்காயா?"

"இத யாரும் தொட வேணாம் ஆயா."

"எனக்குத் தெரியாதா? ஊறுகா ஜாடிய ஈரக்கையால யார்னா தொடுவாங்களா," என்று கோவிந்தம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தலைமையாசிரியர் விருத்தாசலம் நோட்டைப் பார்த்தார். விழுப்புரத்தில் நவம்பரில் நடக்கவிருந்த பள்ளிகளின் விஞ்ஞானப் பொருட்காட்சிக்கு அன்றே மனு எழுதினார். நாற்பத்தொன்று என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.

"விழுப்புரத்துல சர்டிபிகேட் வாங்கினு வாங்க. உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி அன்னிக்கே மேல எழுதறேன். இல்லன்னா டிசம்பரோட உங்க வேல முடியுதும்மா. என் கையில ஒண்ணுமில்ல."

துணைக்குக் கோவிந்தம்மாளை அனுப்பினார். பஸ் ஏறும்போதே தூறல். காலையில் சரிபார்ப்பதற்காக ஜாடியில் ஏற்றிய மின்சாரத்தை இறக்க ஜெயம் மறந்திருந்தாள். அது அவளுக்கு ஞாபகம் வந்தபோது கண்டக்டர், "மடியில எதுக்கும்மா, குடுங்க," என்று ஒரு கையால் ஜாடியின் வயிற்றையும் மறு கையால் குமிழையும் பிடித்திருந்தார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜாடியைக் கீழே போடாமல் திருப்பிக் கொடுத்ததே பெரிய விஷயம்.

"இன்னா ஊறுகாம்மா இது. தொட்டதுக்கே தோள்பட்ட வரைக்கும் ஏறுது."

"குண்டூர் மொளகா," என்றாள் கோவிந்தம்மாள்.

பின்சீட்டில் இருந்து ஒருவர், கேப்பைக் கூழுக்கு ஒரு துண்டு கிடைக்குமா என்று தூக்குவாளியை நீட்டினார். பஸ்ஸே சிரித்தது. கோவிந்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் வலது கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

விழுப்புரத்தில் பரிசோதகர் அரங்கநாதன், ஒரு கல்லூரி விரிவுரையாளர். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தானே பக்கத்தில் நின்று, அவர்கள் கூடக் கொண்டுவந்த சக்கரத்தைச் சுற்றவைத்தார். ஜாடியை மேசைமேல் வைத்து, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெயம் கோலியனூரில் கோவிந்தம்மாளின் தங்கை வீட்டில் தங்கினாள். சனிக்கிழமை முழுக்க மழை. கோவிந்தம்மாள் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"அந்த ரூமுக்கு ஜன்னலு இருக்குதா டீச்சரம்மா?"

"இருக்கு. சாத்தி வெச்சிருக்காங்க."

"சாத்தியா," என்று சொல்லிவிட்டு மறுபடி வானத்தைப் பார்க்கப் போனாள். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஜெயம் கம்பியைக் குமிழருகே கொண்டுபோனாள். பொறி இல்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். கடைசியில் கம்பியால் குமிழைத் தட்டியே பார்த்தாள். பித்தளைச் சத்தம்தான் கேட்டது.

அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாற்பத்தொரு மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு கோடு வேற. உங்களப் பார்த்தா பொய் எழுதுறவங்களா தெரியல. அங்க நின்னுது, இங்க நிக்கல. ஜாடி அதே ஜாடி. அப்ப வேற ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. அது என்னன்னு சொல்லுங்க, சர்டிபிகேட் தர்றேன். தோத்தாலும் காரணம் தெரிஞ்சா அதுவும் விஞ்ஞானந்தான். தெரியலன்னா அந்த மூணு தடவையும் நீங்க கனவு கண்டீங்கன்னுதான் நான் எழுதணும்."

ஜெயம் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது. அதே பூச்சு, அதே ஈயத்தாள், அதே குமிழ். டிசம்பர் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன.

"தெரியல சார். அங்க அத யாரும் தொடல. அது மட்டும் சத்தியம்."

வாசற்படியில் நின்றிருந்த கோவிந்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சத்தியம்லாம் பண்ணாதீங்க டீச்சரம்மா," என்றாள். பிறகு பரிசோதகர் பக்கம் திரும்பினாள். "ஊறுகான்னு நெனச்சிட்டேன் சார். மொத தபா வெறுங்கையால தூக்கிட்டேன், வாங்கின அடியில ரெண்டு நாளு கை வெளங்கல. அதுக்கப்புறம் துணி சுத்தித்தான் தூக்கினேன். சனிக்கெழம சனிக்கெழம, காலையிலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும், அத வெயில்ல காயவெச்சி எடுத்தது நாந்தான்."