பேர்கள் ஓடி முடியும்வரை

துக்க உடையோடு பாப்கார்ன் வரிசையில் நின்ற தமாயோவை முன்னால் நின்ற பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஹொரிகாவா மாமாவுக்கும் கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. சாயங்காலம் அப்பாவின் சவப்பெட்டியருகே உறவெல்லாம் கூடுகிறது. படம் முடிந்து நேரே அங்கே போக வேண்டும்.

அப்பா கன்ஜி, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், புதன்கிழமை போனார். 'நட்சத்திரத் தபால் கப்பல்' டிவி தொடரை அவரும் மகள் தமாயோவும் சிநேகிதர் ஹொரிகாவாவும் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தார்கள். கடைசிப் பகுதியில் கேப்டன் கடிதப் பையோடு இருட்டில் குதித்தார், கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான். திரும்பி வந்தாரா என்று தெரியப் பதினோரு வருடம் காத்திருந்தார்கள். மிச்சக் கதை இப்போதுதான் படமாக வந்திருக்கிறது. முதல் காட்சிக்கு மூன்று டிக்கெட்டையும் அப்பாவே எடுத்து வைத்திருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமையே எரித்திருக்க வேண்டியது. ஆனால் ஜப்பானிய நாள்காட்டியில் அது சிநேகிதரை இழுக்கும் நாள். அன்று எரித்தால் போனவர் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போவார் என்று தகன மண்டபத்துக்கே விடுமுறை.

"படம் பாத்துட்டு வாடான்னு எனக்கு லீவு வாங்கிக் குடுத்திருக்கான் பாரு உங்கப்பன்," என்றார் ஹொரிகாவா.

அப்பாவுக்கான நடு இருக்கையில் பாப்கார்னை வைத்தார்கள். முக்கால்வாசியை மாமாவே தின்றார். எந்தப் படமானாலும் முடிவில் திரையில் பேர்கள் ஓடத் தொடங்கியதும் அப்பா கழிப்பறைக்கு எழுந்துவிடுவார். இன்று யாரும் எழவில்லை. பேர்கள் எல்லாம் முடிந்தபின் இன்னும் ஒரு நிமிடம் படம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் மாமா தேம்பி அழுதார், பிறகு கைதட்டிச் சிரித்தார். தமாயோவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தது.

அஞ்சலி மண்டபத்தில் உறவெல்லாம் இன்னும் வரவில்லை, அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். சவப்பெட்டியில் முகத்துக்கு நேரே இருந்த சின்னக் கதவு திறந்திருந்தது. மாமா ஓடிப்போய்க் குனிந்தார்.

"டேய் கன்ஜி, அந்தக் கேப்டன் இருக்கானே..."

தமாயோ அவர் வாயைப் பொத்தினாள். "மாமா! கதையை முன்னாடியே சொன்னா அப்பாவுக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

ஒருமுறை மாமா பாதிக் கதையை உளறியதற்கு அப்பா ஒரு மழைக்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை.

"அடிப் பைத்தியமே, இனிமே எப்படி பாப்பான்?"

"சொல்லித் தொலைங்களேன்," என்றாள் அம்மா. "வந்தானா, வந்தானான்னு பதினோரு வருஷமா என் உயிரை எடுத்தாரு. தெரியாமலே போகணுமா?"

தமாயோ தவித்தாள். காலையில் எரித்துவிடுவார்கள். தெரியாமல் அனுப்பவும் மனமில்லை, அவர் பிடிவாதத்தை மீறவும் மனமில்லை. கடைசியில் கிழிக்காத அந்த மூன்றாவது டிக்கெட்டை எடுத்து அப்பாவின் வெள்ளை அங்கியின் கழுத்து மடிப்பில் செருகினாள். காதருகே குனிந்தாள்.

"அப்பா, பேர் ஓட ஆரம்பிச்சதும் எந்திரிச்சுடாதீங்க. அதுக்கப்புறமும் கொஞ்சம் இருக்கு."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "சரி, எனக்காவது சொல்லுங்க. வந்தானா இல்லையா?"

"இருங்கண்ணி, இருங்க," என்ற மாமா, பெட்டியின் சின்னக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். "இங்க வேணாம், அவனுக்குக் கேக்கும். வெளிய வாங்க."