ழ வராத கீபோர்டு

நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். நான்காவது தடவையும் ‘கடவுச்சொல் தவறு’ என்று கம்ப்யூட்டர் சொன்னபோது இரண்டு காதும் சிவந்துவிட்டன. இன்னும் ஒரு தடவை தப்பினால் கணக்கு பூட்டிக்கொள்ளும், திறக்க ஒரு நாள் ஆகும் என்று சிவப்பெழுத்தில் வேறு போட்டிருந்தது. ஜெர்மன் வகுப்புக்கான நுழைவுத் தேர்வு ஐந்து மணிக்கு. மணி நாலே முக்கால். இதை விட்டால் அடுத்த வகுப்பு ஆறு மாதம் கழித்துத்தான். வேலை தருகிறோம் என்ற ஜெர்மன் ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது.

முதுகுக்குப் பின்னால் நின்றார் அவள் வீட்டுக்காரர். படுக்கையறை மூலையில் மேசை போட்டு, பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, கேமராவைத் திரைமேல் பொருத்தி, ஒயரையெல்லாம் மேசைக்காலோடு சேர்த்துக் கட்டி, மூன்று நாளாக அலப்பறை பண்ணியவர் அவர்தான். அவள் ஒரு ஒயரைத் தொட்டால் போதும், “உனக்கு இதெல்லாம் தெரியாது, தள்ளு” என்பார்.

வெள்ளிக்கிழமை கணக்குத் தொடங்கியபோது மட்டும் ஐந்து நிமிடம் கீபோர்டு அவள் கைக்கு வந்தது. அப்போது வைத்த கடவுச்சொல் ‘எழுந்திரு’. இங்கிலீஷ் எழுத்தில், ழகரத்துக்கு இஸட்டும் ஹெச்சும் போட்டு அடித்தது. காலை ஷிஃப்டுக்கு அலாரம் அடிக்கும்போது தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல். அதைப் போய் மறப்பாளா?

“மறந்துட்ட. ஒத்துக்கோயேன்.”

“மறக்கலைங்க.”

“அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?”

அதோடு விட்டாரா? போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். “பாஸ்வேர்டே ஞாபகம் இல்லையாம். இவங்க ஜெர்மன் படிச்சுக் கிழிக்கப் போறாங்களாம்!” நாத்தனார் சிரிப்பது இங்கே வரை கேட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டில் இருபத்திரண்டு கட்டில். எந்தக் கட்டிலுக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மருந்துச் சீட்டைப் பார்க்குமுன் சொல்லிவிட்டு, பிறகு சரிபார்ப்பவள் அவள். அவளுக்கு மறதியாம்! கையில் கிடைத்ததைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதை இங்கிலீஷ் எழுத்தில் படபடவென்று அடித்தாள்: வாய மூடுங்க.

திரையில் ‘வாஸ மூடுங்க’ என்று வந்திருந்தது.

கோபத்தில் விரல் தவறியிருக்கும் என்று நினைத்தாள். நிதானமாக ஒய்யைத் தட்டினாள். இஸட் விழுந்தது. இஸட்டைத் தட்டினாள். ஒய் விழுந்தது. கடவுச்சொல்தான் கறுப்புப் புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளுமே! நான்கு தடவையும் ‘ழ’வில் இஸட்டுக்குப் பதிலாக ஒய் போய் உட்கார்ந்திருக்கிறது.

“கீபோர்டை என்ன பண்ணீங்க?”

“நேத்து செட்டிங்கை ஜெர்மனுக்கு மாத்தி வச்சேன்.” போனைக் காதிலிருந்து எடுக்காமலே பெருமையாகச் சொன்னார். “ஜெர்மன் படிக்கிறவளுக்கு ஜெர்மன் கீபோர்டு வேணாமா? ரெண்டு எழுத்து இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா மட்டும் உனக்குப் புரியவா போகுது?”

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். மணி நாலு ஐம்பத்தேழு. ஐந்தாவது தடவை, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ழகரம் வந்ததும் ஒய்யை அழுத்தினாள். கணக்கு திறந்தது. ‘தேர்வைத் தொடங்கு’ என்று நீலப் பொத்தான் வந்து நின்றது.

“பாத்தியா? நான் செட் பண்ணதுல ஒரு குறையும் இல்ல” என்று போனிலும் அவளிடமும் சேர்த்தே சொன்னார். சொல்லிக்கொண்டே மவுஸுக்குக் கை நீட்டினார். “தள்ளு, நானே ஆரம்பிச்சுத் தரேன். நீ எதையாவது தப்பா...”

அவள் மவுஸை விடவில்லை. திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வாய மூடுங்க.”

இந்த முறை எழுத்து எதுவும் மாறவில்லை. போனுக்குள் நாத்தனாரின் சிரிப்பும் நின்றுபோயிற்று. நர்ஸம்மா திரும்பி நீலப் பொத்தானை அழுத்தினாள்.