குலுக்கலில் தம்பிக்கு விழுந்த கிடா

"கேலனுக்குப் பெர்மிட் விழுந்திருச்சாம்" என்று என் மனைவி ட்வைலா போனில் சொன்னபோது நான் சரளைச் சாலையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தவில்லை. ஆனால் பிளேடு ஒரு பக்கம் இறங்கிப்போய், அடுத்த கால் மைலுக்குச் சாலையைக் கோணலாகச் சீவிக்கொண்டே போயிருக்கிறேன். மறுநாள் திரும்பப் போய்ச் சரிசெய்தேன்.

எங்கள் கிழக்கு மொன்டானாவில் வெள்ளைவால் மான் சுடுவதற்கான சீட்டைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். குலுக்கல் எல்லாம் மியூல் மானின் கிடாவுக்கு, அதாவது ஆணுக்கு மட்டும்தான். கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் பெரிய காதுகள், கருத்த வால்நுனி. துரத்தினால் நாலு காலையும் சேர்த்துத் துள்ளி மேடேறி, உச்சியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். வறட்சியாலும் கடும்பனியாலும் அது குறைந்துகொண்டே வந்ததில், எங்கள் பகுதிக்கு வருடம் ஐம்பது பெர்மிட்தான். நான் பதினொரு வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி கேலன் பதினெட்டு வருடம் ஃபீனிக்ஸ் நகரத்தில் குளிர்சாதனப் பெட்டி விற்றுவிட்டு, போன வருடம்தான் ஊர் திரும்பினான். முதல்முறை போட்டான். விழுந்துவிட்டது.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருந்தது. ஓடைக்கு மேலே இருக்கும் மேட்டில் ஒரு மியூல் கிடாவை நான் நான்கு வருடமாகப் பார்த்துவந்தேன். இடது கொம்பில் ஒரு கிளை கீழ்நோக்கி வளைந்திருக்கும். அது எந்தப் பள்ளத்தில் படுக்கும், எந்த ஊற்றுக்கு இறங்கும் என்பதை ட்வைலாவிடம்கூடச் சொன்னதில்லை.

அக்டோபர் கடைசியில் கேலன் வந்தான். சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துப் போட்டான்.

"நீதான்டா இந்த ஊரு பூராவும் ரோடு போடறவன். எங்க போய் உக்காரணும், சொல்லு."

நான் காபியை ஊதிக் குடித்தேன். "ஓடைப் பக்கம் போ. பண்ணையோட குதிரைமசால் வயல் இருக்குல்ல, அந்த ஓரத்துல. விடியறதுக்கு முன்னாடி போயிரு."

"ஓடையிலயா? அங்க வெள்ளைவால்தானே திரியுதுன்னு சொன்னாங்க?"

"ஃபீனிக்ஸ்ல சொன்னாங்களா?"

கேலன் சிரித்துவிட்டு வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொண்டான். ட்வைலா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவன் போனபிறகு, "ஓடையில காதுபெருத்த மான் ஒண்ணையாவது நீ கடைசியா எப்பப் பாத்த?" என்று கேட்டாள்.

"இருக்கும்" என்றேன்.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள்.

சீசன் தொடங்கியதும் தினமும் விடியலில் நான் மேட்டுக்குப் போனேன். என் பையில் வெள்ளைவால் சீட்டுதான் இருந்தது. கிடாவைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டு பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். கீழே, ஒன்றரை மைல் தள்ளி, ஓடை மரங்களுக்கிடையில் தம்பியின் ஆரஞ்சு தொப்பி ஒரு புள்ளியாகத் தெரியும். அது அசையாமல் இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு கேவலமான சந்தோஷம். ஒவ்வொரு மாலையும் அவன் போன் செய்வான். "இன்னிக்கும் இல்லடா" என்பான். "பொறுமையா இரு" என்பேன்.

நவம்பர் நடுவில், மான்கள் ஜோடி சேரும் காலம். அன்று காலை என் கிடா ஒரு பெட்டையைப் பின்தொடர்ந்து சேஜ் புதர்களுக்கிடையே வந்தது. அப்போது கீழ்ச்சரிவிலிருந்து வேறொரு கிடா ஏறி வந்தது. ஒரே தண்டிலிருந்து நேராக முளைத்த கிளைகள், மேலே பழுப்பும் அடியில் வெள்ளையுமான வால். வெள்ளைவால். இவ்வளவு உயரத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. ஓடையில் பெருகிப் பெருகி, பள்ளம் வழியாகவே மேலே வந்திருக்கிறது. இளசு, நல்ல கொழுப்பு. பெட்டையை அது விடாமல் துரத்தியது. என் கிடா இரண்டு முறை தலையைத் தாழ்த்தி வழிமறித்தது. பிறகு என்ன நினைத்ததோ, ஒதுங்கி நின்றுவிட்டது. வெள்ளைவாலும் பெட்டையும் மேட்டைத் தாண்டி மறைந்தன.

எல்லாம் முந்நூறு கஜத்துக்குள் நடந்தது. துப்பாக்கி மடியில் இருந்தது. அந்த வெள்ளைவாலுக்கு என்னிடம் சீட்டும் இருந்தது. நான் சுடவில்லை. கேலன் கீழே இருந்தான்; மேட்டில் வெடிச்சத்தம் கேட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

சீசன் முடிந்தது. கேலன் வெறும் கையோடு திரும்பினான்.

டிசம்பரில், ஒரு சனிக்கிழமை மதியம், ஊர்ச் சமுதாயக்கூடத்தில் வனவிலங்குத் துறையின் கூட்டம். வருடாவருடம் நடப்பதுதான்: அடுத்த சீசனில் எத்தனை சீட்டு கொடுக்கலாம் என்று கேட்பார்கள், நாங்கள் கத்துவோம். நானும் வருடாவருடம் கத்தியவன். துறையின் உயிரியலாளர் கொரீன் பொறுமைசாலி, கேட்டுக்கொள்வாள், எழுதமாட்டாள்.

அன்று கேலன் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான்.

"நான் ஓடைப் பக்கம் பதினாலு காலை உக்காந்திருந்தேன். ஒரே காலையில அதிகமா வயல்ல எண்ணினது அறுபத்தொரு வெள்ளைவால். மியூல் மான், பதினாலு நாளும் சேத்து, ஒண்ணுகூட இல்ல."

கொரீன் எழுத ஆரம்பித்தாள். தேதி கேட்டாள், நேரம் கேட்டாள், பெட்டை எத்தனை கிடா எத்தனை என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவனிடம் கணக்கு இருந்தது. "இந்த மாதிரி யாராவது எழுதித் தரமாட்டாங்களான்னுதான் நான் ஏங்கிட்டு இருந்தேன்" என்றாள். எனக்குக் காது சுட்டது. அவனை அங்கே உட்காரவைத்தவன் நான். அதற்கும் அவனுக்கே பாராட்டு.

"மேட்டைப் பத்தி யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

கேலன் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் அண்ணன் வெர்லினைக் கேளுங்க. தினமும் காலையில அவன் பிக்கப் வண்டி அந்த மேட்டுலதான் நின்னுச்சு."

எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்தேன். வேறு வழி இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் அந்த மேட்டில் நூற்று நாற்பது மியூல் மான் எண்ணியதையும், இந்த வருடம் முப்பத்தெட்டு இருந்ததையும் சொன்னேன். வெள்ளைவால் ஏறி வந்ததையும், பெட்டையைத் துரத்திப் போனதையும் சொன்னேன்.

பின்வரிசையில் தபால் கொண்டுவரும் ஆர்லோ கேட்டான்: "உன்கிட்ட சீட்டு இருந்துச்சுல்ல? ஏன் சுடல?"

பொய் ஒன்று நாக்குவரை வந்தது. ட்வைலா பக்கத்திலேயே இருந்தாள்.

"சுட்டா கேலனுக்குக் கேட்டிருக்கும். நான் மேல இருக்கிறது தெரிஞ்சிரும். அவனை வேணும்னேதான் கீழ அனுப்பினேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. கொரீன் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே, வண்டிகள் நின்ற இடத்தில் கேலன் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"ரெண்டாவது நாளு. வெயில் பட்டதும் உன் வண்டிக் கண்ணாடி மின்னுச்சு."

"அப்புறம் ஏன்டா மேல வரல?"

"நீயா ஒரு நாள் கூப்பிடுவன்னு நெனச்சேன்." சுரண்டுவதை நிறுத்தவில்லை. "தினமும் சாயங்காலம் போன் பண்ணினேனே, எதுக்குன்னு நெனச்ச?"

அவன் கிளம்பிப்போனான். கிறிஸ்துமஸுக்கு ட்வைலா அழைத்தும் வரவில்லை.

அடுத்த வருடம் துறை வெள்ளைவால் பெட்டைக்குக் கூடுதல் சீட்டு கொடுத்தது. மியூல் கிடா பெர்மிட்டை இருபதாகக் குறைத்தது. மேட்டில் எண்ணிக்கை எடுக்க இரண்டு ஆள் வேண்டும் என்று கொரீன் எங்கள் இருவரையும் கேட்டாள். கேலன் சரி என்றானாம். நானும் சரி என்றேன்.

ஒரே வண்டியில் போனோம். முதல் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பைனாகுலரில் மேட்டைத் துழாவினோம். பிறகு அவன், "அந்தப் புதருக்குப் பின்னாடி மூணு" என்றான். நான் ஒன்றைத்தான் பார்த்திருந்தேன். அவன் சொன்னதே சரி. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மதியத்துக்குள் நாற்பத்துநான்கு. தாளை நிரப்பி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினான். எண்ணியவர்கள் என்ற இடத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.

அவன் அதைக் கவனித்துவிட்டான். "உன் பேருதான்" என்றான். "கையெழுத்துப் போடுடா. குளிருது."