பேசாமல் ஓடிய தொடர் ஓட்டம்

பேட்டன் மறுபடியும் கீழே விழுந்தது. இந்த முறை உருண்டுபோய் நீளம் தாண்டும் மணற்குழிக்குள் படுத்துக்கொண்டது.

உடற்கல்வி ஆசிரியை விசில் ஊதவில்லை. ஊதி ஊதி அவருக்கு அலுத்துவிட்டது. நால்வர் ஓடும் தொடர் ஓட்டத்தில் முதல் இரண்டு முறை பேட்டன் வெண்ணெயில் வழுக்குவதுபோல் சுலபமாகக் கைமாறியது. மூன்றாவது ஆளிடமிருந்து நான்காவது ஆளுக்குப் போகும்போதுதான் எல்லாம் கெட்டது. அந்த இருவரும் அக்கா தங்கை. மூன்றாவதாக ஓடும் பெரியவள் பத்தாம் வகுப்பு. கடைசியாக ஓடும் சின்னவள் ஒன்பதாம் வகுப்பு.

கடைசியாக ஓடுபவள் திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் பின்னால் வருபவள் நெருங்கியதும் “கை!” என்று கத்த வேண்டும். அந்தக் குரலுக்குத்தான் முன்னால் ஓடுபவள் கையைப் பின்பக்கம் நீட்டுவாள். பெரியவள் கத்தவே இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்த பிறகுதான் ஆசிரியைக்கு அது பிடிபட்டது.

“ஏன்டி, வாய்க்குப் பூட்டு போட்டிருக்கியா?”

“நாங்க பேசிக்கிறதில்ல மிஸ்,” என்றாள் பெரியவள்.

“பேசச் சொல்லல. கைன்னு ஒரே ஒரு வார்த்தை.”

“ஒரு வார்த்தைன்னாலும் நான்தான் முதல்ல பேசினதா ஆயிடும்.”

“முதல்ல பேசறவங்கதான் தோத்தவங்க மிஸ்,” என்று சின்னவள் உதவிக்கு வந்தாள். அக்காவைப் பார்க்காமல், மைதானத்து வேலியைப் பார்த்து.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு நீளம் தாண்டப் பயிற்சி செய்த பெரியவளை, சின்னவள் அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். அம்மா நீளம் தாண்டுதலுக்கு முழுக்குப் போட வைத்தார். தொடர் ஓட்டம் மட்டும் தப்பியது. மற்ற மூன்று பிள்ளைகளை நடுவில் விட முடியாதே. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றால் பார்க்கலாம். இல்லையென்றால் பரீட்சை முடியும்வரை பெரியவள் மைதானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

“அவ்வளவு இருக்கும்போது உனக்கு எதுக்குடி இந்த வீம்பு?”

“அது வேற, இது வேற மிஸ்.”

ஆசிரியை வரிசையை மாற்றிப் பார்த்தார். பெரியவளை முதலில் நிறுத்தினால் துப்பாக்கி வெடிக்கும் முன்பே பாய்ந்தாள். இரண்டாவதாக ஓடும் ‘குதிரைவால்’ நேர்க்கோட்டில் புயல். வளைவில் விட்டால் பக்கத்து லேனுக்குள் விருந்தாளியாக நுழைந்துவிடுவாள். முதலில் ஓடும் ‘நெட்டை’ வேறு எங்கும் ஓட மாட்டேன் என்றாள். கடைசி ஓட்டத்துக்குச் சின்னவளை விட்டால் ஆளில்லை. பழைய வரிசைதான் மிஞ்சியது.

“என் தொடையில தட்டறேன் மிஸ். சத்தம் கேட்டதும் அவ கையை நீட்டட்டும்,” என்றாள் பெரியவள்.

“நீட்டறேன்னு சொல்லிடுங்க மிஸ்,” என்றாள் சின்னவள்.

சாயங்கால மைதானத்தின் அமைதியில் அது வேலை செய்தது. பளார் என்று ஓர் அடி. உடனே கை பின்னால் வந்தது. ஆசிரியைக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் விழாத பேட்டனைப் பார்த்து நாளாகியிருந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

போட்டி நடந்த அரங்கத்தில் பல பள்ளிகளின் கூட்டம். ஒலிபெருக்கி குண்டு எறிபவர்களைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று.

நெட்டை நன்றாகத் தொடங்கினாள். குதிரைவால் இருவரை முந்தினாள். வளைவில் பெரியவள் இரண்டாவது இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தரையில் போட்டிருந்த குறியை அக்கா தாண்டியதும் சின்னவள் கிளம்பினாள். பெரியவள் தொடையில் அடித்தாள். ஒலிபெருக்கி அலறியது. மறுபடி அடித்தாள். சின்னவளின் கை வரவில்லை. பேட்டன் கைமாறியாக வேண்டிய எல்லைக்கோடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் அணியே வெளியேற வேண்டும். பக்கத்து லேன்காரி அவளை ஒட்டி வந்துவிட்டாள்.

“கையை நீட்டுடி எருமை! காது என்ன செவிடா?”

அந்தப் பக்கத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவளின் கை விறுக்கென்று பின்னால் வந்தது. கோட்டுக்கு ஓர் அடி முன்பு பேட்டன் மாறியது.

“யாருடி எருமை?” என்று ஓடிக்கொண்டே கத்தினாள் சின்னவள்.

“அப்புறம் சண்டை போடலாம், ஓடித் தொலை!”

பெரியவள் தன் லேனிலேயே நின்று, கை இரண்டையும் வாயருகே குவித்துக்கொண்டு, பல நாளாகச் சேர்த்துவைத்திருந்த திட்டுகளையெல்லாம் தங்கையின் முதுகில் எறிந்தாள். கோபமோ என்னவோ, சின்னவள் அப்படி ஓடி ஆசிரியை பார்த்ததில்லை. முடிவுக்கோட்டில் நெஞ்சை முன்னால் தள்ளி, நூலிழையில் இரண்டாவதாக வந்தாள்.

பெரியவள் வந்து சேர்ந்தபோது சின்னவள் புல்லில் மல்லாந்து கிடந்தாள்.

“செத்துட்டியா?”

“தண்ணி குடு முதல்ல.”

பெரியவள் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஆசிரியையின் கைபேசியை வாங்கி அம்மாவை அழைத்தாள். தங்கை கேட்கும்படி அதன் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அம்மா, ரெண்டாவது. அடுத்த சுற்று உண்டு.”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. “டியூஷன்?”

“ஒரு நாள் கூட விடமாட்டேன்மா.”

“சரி, ஓடு,” என்றார் அம்மா. பெரியவள் கண்ணை மூடித் திறந்தாள். “ஆனா அடுத்த போட்டிக்கு நானும் வரேன். அப்படி என்னதான் ஓடறீங்கன்னு என் கண்ணால பார்க்கணும்.”

“அய்யோ, வேணாம்மா!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பெரியவள் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டாள். சின்னவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

“வந்தா, ‘செல்லங்களா, விழுந்துடாதீங்க, மெதுவா ஓடுங்க’ன்னு கத்துவாங்க மிஸ்,” என்று அவள் பதறினாள். “மானமே போயிடும்.”

“ஃபிளாஸ்க்கில பால் கொண்டுவருவாங்க,” என்றாள் பெரியவள். “அதை எல்லார் முன்னாடியும் குடிக்க வைப்பாங்க.”

ஆசிரியை கைபேசியை வாங்கினார். “அவசியம் வாங்கம்மா. முன்வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறேன்.”

அக்காவும் தங்கையும் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். பிறகு தலையோடு தலை முட்டிக்கொண்டு, போட்டித் தேதியை அம்மாவிடம் எப்படி மாற்றிச் சொல்வது என்று குசுகுசுக்கத் தொடங்கினார்கள்.