யாரும் அனுப்பவில்லை

மினசோட்டாவின் வடகோடியில் உள்ள அந்தக் கம்பளி ஆலையில், அடுத்த வாரத்து வேலைநேரம் சனிக்கிழமை மாலையில்தான் சுவரில் ஒட்டப்படும். திங்கட்கிழமை விடியலில் வர வேண்டுமா, நண்பகலில் வர வேண்டுமா என்பது அதற்கு முன்னர் எவருக்கும் தெரியாது. இடையில் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், கைக்குழந்தைக்காரி குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். நோயாளிக் கணவனை வைத்திருப்பவள் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல யாரிடமாவது கெஞ்ச வேண்டும். ஆடுமாடுகளைக்கூட மேய்ச்சலுக்கு ஓட்டும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்கிறோம். மனிதர்களுக்கு அந்த மரியாதை தேவையில்லை என்று ஆலை நிர்வாகம் கருதியிருந்தது.

போர்வைகளுக்கு ஓரம் தைக்கும் பகுதியில் ஐந்து பெண்கள் இருந்தனர். அவர்களுள் மூத்தவள் ஆர்லிஸ் லிண்ட்குவிஸ்ட். இலையுதிர்காலம் முழுவதும் மதிய உணவு வேளையில் அவர்கள் இதையே பேசினார்கள். பேசினார்கள் என்றால் அந்த ஊர் வழக்கப்படி பேசினார்கள். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் "கொஞ்சம் சிரமமாத்தான் இருக்கு" என்பதற்குமேல் ஒரு சொல் அங்கே எவர் வாயிலிருந்தும் வராது.

"ரெய்னோவுக்கு ரத்தம் சுத்திகரிக்கிற நாளு மறுபடியும் தள்ளிப்போச்சு. பரவாயில்ல, என்ன பண்றது," என்றாள் வெர்னா கோஸ்கெலா ஒரு நாள்.

"பரவாயில்லையா? அடியே, உன் புருஷன் செத்துப்போனாக்கூட பரவாயில்லன்னுதான் சொல்லுவ!" என்றாள் லவோன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், மேலாளரிடம் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஐவரும் எழுந்து அலுவலகத் தாழ்வாரம் வரை நடந்தார்கள். அங்கே வெர்னாவின் வெளிறிய முகத்தை ஆர்லிஸ் பார்த்தாள். ரெய்னோவின் மருத்துவக் காப்பீடு வெர்னாவின் வேலையைத்தான் நம்பியிருந்தது.

"நீங்க இங்கயே நில்லுங்க. ஒருத்தி போதும்," என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

மேலாளர் டேல் பிரெக்கி அவளுடைய தம்பியோடு படித்தவன், சிரித்த முகக்காரன்.

"தொந்தரவு பண்ணணும்னு இல்ல டேல். வேலை நேரத்த வியாழக்கிழமையே ஒட்டிட்டா கொஞ்சம் சௌகரியமா இருக்கும்."

"நல்ல யோசனைதான்." டேல் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "இது உங்க யோசனையா ஆர்லிஸ், இல்ல எல்லாரும் சேர்ந்து உங்கள அனுப்பிச்சாங்களா?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன். அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

டேல் நன்றி சொன்னான். பின்பக்கப் படி வழியே இறங்கினால் அவளுடைய எந்திரத்துக்கு அருகில் போய்ச் சேரலாம் என்று அவனே கதவைத் திறந்துவிட்டான். அந்த வாரக் கடைசியில், மனப்போக்கு சரியில்லை என்று கூறி அவளை வேலையிலிருந்து நீக்கினான்.

இருபத்தாறு ஆண்டுகள் உழைத்த இடம். ஆர்லிஸ் அழவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுப்பதாக அண்டை வீட்டாரிடம் சொன்னாள். ஏரி உறையத் தொடங்கிய பிறகுதான், நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும் என்ற அறிவிப்பை மனத்தில் வாங்கிக்கொண்டாள். அந்த அறிவிப்பைக் கடந்து அதற்கு முன் எத்தனையோ முறை போயிருக்கிறாள். சட்டம் என்பது சண்டைக்காரர்களுக்கு உரியது என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைக்கும்படிதான் அவளை வளர்த்திருந்தார்கள்.

வழக்கறிஞர் மைலி ஷோங் செயின்ட் பால் நகரிலிருந்து பனியில் வண்டியோட்டி வந்திருந்தாள். ஆர்லிஸின் மகள் வயதுதான் இருக்கும்.

"உங்க நேரத்த வீணாக்கறேன். எனக்கு அப்படி ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல," என்று தொடங்கினாள் ஆர்லிஸ்.

"வேல போனது பெரிய விஷயம் இல்லையா? அப்ப எதும்மா பெரிய விஷயம்?" என்றாள் மைலி. "முதல்ல உக்காருங்க. கோட்டக் கழட்டுங்க."

ஆர்லிஸ் நடந்ததைக் கூறினாள். மைலி குறுக்கிடாமல் கேட்டாள்.

"காரணமே சொல்லாம ஒருத்தர வேலைய விட்டு அனுப்ப இங்க முதலாளியால முடியும். அநியாயமா இருக்கலாம், ஆனா அதுதான் நிலைமை. ஆனா வேலை செய்யறவங்க ஒண்ணு சேர்ந்து ஒரு குறைய மாத்தச் சொல்லிக் கேட்டா, அதுக்காக அனுப்பக் கூடாது. சங்கம் இருக்கணும்னுகூட இல்ல. மத்தவங்களுக்காக ஒருத்தர் மட்டும் போய்ப் பேசினாலும் அதே பாதுகாப்பு உண்டு. நீங்க அஞ்சு பேரும் பேசி முடிவு பண்ணித்தானே போனீங்க?"

"ஆமா."

"அப்ப வழி இருக்கு. அவர்கிட்ட என்ன சொன்னீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

ஆர்லிஸ் சொன்னாள். மைலி எழுதுவதை நிறுத்தினாள்.

"யாரும் அனுப்பலன்னா சொன்னீங்க?"

"வெர்னாவோட புருஷனுக்கு உடம்பு சரியில்ல. அவள எதுக்கு மாட்டிவிடணும்?"

"அவர் ஏன் அந்தக் கேள்வியக் கேட்டாருன்னு நினைக்கிறீங்க?"

அந்த வினா அதுவரை ஆர்லிஸின் மனத்தில் எழவே இல்லை. டேலின் சாய்வும் சிரிப்பும் இப்போதுதான் அவளுக்கு விளங்கின. தனியாக வந்தவளை நீக்கலாம். ஐவருக்காக வந்தவளை நீக்கினால் வம்பு. அதை அறிந்தே அவன் கேட்டிருக்கிறான். அவளோ தன் நல்ல குணத்தையெல்லாம் திரட்டி, அவனுக்கு வேண்டிய விடையைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய கன்னங்கள் எரிந்தன. பிறருக்குத் தொல்லை தராமல் வாழ்வதே பண்பு என்று தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரையே பழக்கிவிட்டால், அந்த ஊராரை எவனும் ஒவ்வொருவராக எளிதில் உதிர்த்துவிடலாம்.

"நீங்க சேர்ந்து கேட்டீங்கங்கறது அவருக்குத் தெரியும்னு காட்டணும்," என்றாள் மைலி. "தொழிலுறவு வாரியத்துல புகார் கொடுக்க ஆறு மாசம்தான் கெடு. மத்தவங்க வந்து நடந்தத நடந்தபடி சொல்வாங்களா?"

"அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்," என்றாள் மைலி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்தார்கள். தையல் பகுதிப் பெண்கள் நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தனர். ஆர்லிஸ் வந்து அமர்ந்ததும் பனியைப் பற்றிப் பேசினார்கள். சாலையில் உப்புத் தூவும் வண்டி தாமதமாக வந்ததைப் பற்றிப் பேசினார்கள். தட்டில் கடைசியாக ஓர் இனிப்புத் துண்டு மிஞ்சியிருந்தது. அதை முழுதாக எடுக்க எவருக்கும் மனம் வராமல், ஒருத்தி பாதியாக வெட்டினாள். அடுத்தவள் அந்தப் பாதியையும் பாதியாக வெட்டினாள். ஆர்லிஸின் வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அவளைச் சங்கடப்படுத்துமாம்.

இப்படியே விட்டால் வசந்தம்வரை இனிப்பை வெட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று ஆர்லிஸுக்குத் தோன்றியது.

"எனக்கு உங்ககிட்ட ஒரு உதவி வேணும்," என்றாள்.

கத்தி நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்; டேலுக்குத் தான் கூறிய விடையையும் சொன்னாள். லவோன் கோப்பைக்குள் பார்த்தாள். மற்ற இருவரும் லவோனைப் பார்த்தார்கள்.

வெர்னாவின் முகம் சிவந்தது. "எங்களுக்குச் சம்பந்தமே இல்லன்னு சொன்னியா?"

"உன் நல்லதுக்குத்தான் வெர்னா."

"என் நல்லத உன்கிட்ட யாருடி ஒப்படைச்சா?" வெர்னாவின் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசையினர் திரும்பாமலே காதைத் திருப்பினார்கள். "ராத்திரியெல்லாம் யோசிச்சு, பயத்தையெல்லாம் முழுங்கிட்டு அந்தக் கதவு வரைக்கும் வந்தேன். நீ என்னடான்னா சின்னப் புள்ளையாட்டம் வெளிய நிக்க வெச்சிட்ட. போதாக்குறைக்கு, நாங்க வரவே இல்லன்னு வேற சொல்லியிருக்க!"

"நான் அப்படி நினைக்கல..."

"நீ நினைக்க மாட்ட. எல்லாரையும் நீதான் தாங்கணும் உனக்கு." வெர்னா மூச்சு வாங்கினாள். "அவன் எங்களப் பாத்தான், தெரியுமா?"

"யாரு?"

"டேல்தான். நீ பின்பக்கமா இறங்கிப் போயிட்ட. நாங்க அங்கயே மரம் மாதிரி நின்னோம். அவன் இந்தப் பக்கக் கதவத் திறந்து எட்டிப் பாத்து, 'அட, படையே திரண்டு வந்திருக்கா? உங்க தளபதி போயிட்டாங்க, நீங்களும் போய் வேலையப் பாருங்க'ன்னான்."

"அப்படியா சொன்னான்?"

"கேட்டுக்கோ, லவோனும் பக்கத்துலதான் நின்னா."

லவோன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, "நான் எதுலயும் மாட்டிக்க விரும்பல," என்றாள். "ஆனா யாராவது விசாரிச்சா, டேல் சொன்னது காதுல விழலன்னு சொல்ல மாட்டேன்." அந்த ஊரில் அது பெரிய சொல்.

செவ்வாய்க்கிழமை வெர்னா ஆர்லிஸின் வண்டியிலேயே நூலகத்துக்கு வந்தாள். உண்மையைச் சொன்னதற்காக வெர்னாவின் வேலையில் கை வைப்பதும் சட்டமீறலே என்று மைலி விளக்கினாள். சட்டமீறல் என்பதால் அது நடக்காது என்று பொருளில்லை என்பதையும் மறைக்காமல் கூறினாள். வெர்னா கேட்டுக்கொண்டாள், அதன் பிறகே வாக்குமூலம் கொடுத்தாள். திரும்பும் வழிநெடுக ஆர்லிஸோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. தன் வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "இனிமே எனக்காக நீ முடிவு பண்ணாத," என்று கூறிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

வாரியத்தின் விசாரணையாளர் நால்வரிடமும் பேசினார், டேலிடமும் பேசினார். வழக்கு நடுவரிடம் போவதற்கு முன்பே, பனி உருகும் பருவத்தில், ஆலை நிர்வாகம் இறங்கிவந்து ஆர்லிஸைப் பழைய வேலையிலேயே சேர்த்துக்கொண்டது. தவறு செய்ததாக மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் திரும்பிய முதல் சனிக்கிழமை, வேலைநேரம் வழக்கம்போல் மாலையில்தான் ஒட்டப்பட்டது.

திங்கட்கிழமை மதியம் ஐவரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். மறுபடியும் வேலை போனால் இன்னொரு குளிர்காலத்தை ஆர்லிஸால் தாங்க முடியாது. மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். வெர்னாதான் கதவைத் தட்டினாள். ஐவரும் உள்ளே போனார்கள்.

டேலின் அறையில் இரண்டே நாற்காலிகள் இருந்தன.

"நீ உக்காரு," என்றாள் லவோன்.

"ஐயோ வேண்டாம், நீ உக்காரு."

"எனக்கு நின்னே பழக்கம்."

டேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இம்முறை கேட்பதற்கு அவனிடம் கேள்வி ஏதும் இல்லை. அவன் காத்திருந்தான். நாற்காலிகள் இரண்டும் காலியாகவே கிடக்க, வெர்னா பேசத் தொடங்கினாள்.